வெள்ள வருசத்துச் சேறு

கொழும்பிலிருந்து ஆட்கள் சேறு எடுக்க வருகிறார்கள் என்று என் தம்பி கொன்ஸ்ரன்ரைன் வந்து சொன்னபோது நான் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன், கொழும்பில சேறில்லையோ?"

"இது வேற அலுவல், அக்கா. தூரதேசத்தில அணுகுண்டு வெடிச்சுப் பாக்கினமாம். அந்தத் தூசி மேல போய், மழையோட இஞ்சையும் விழுகுதாம். நந்திக்கடலுக்க எவ்வளவு கிடக்கெண்டு அளக்கவேணுமாம். என்ர வள்ளத்தைத்தான் கேட்டிருக்கினம். நீ சமைச்சுக் குடுத்தால் போதும்."

"எவனோ எங்கேயோ குண்டு வெடிக்க, நான் இஞ்ச அடுப்பு மூட்டவேணுமோ? நல்ல நியாயமடா இது."

சொன்னேனே தவிர மறுக்கவில்லை. எங்கள் வீடு முல்லைத்தீவில், கடலுக்கும் நந்திக்கடல் என்கிற உப்புநீர்க் களப்புக்கும் நடுவே கிடக்கிற மணல் திட்டில் இருந்தது. ஒரு பக்கம் ஓயாத இரைச்சல், மற்றப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நான் எப்போதும் களப்புப் பக்கத்து வாசலில்தான் இருப்பேன். இறால் உரிப்பது, கிழிந்த வலை பொத்துவது, தலை வாரி இழுப்பது எல்லாம் அங்கேதான். ஏனென்றால் என் மனிதர் மரியநாயகம் அந்தக் களப்புச் சேற்றுக்குள் கிடந்தார்.

ஐம்பத்தேழாம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் வலையைக் காப்பாற்றப் போனவர் அவர். அன்றைக்கு வட்டுவாகல் பக்கம் களப்பின் வாய் உடைத்துக்கொண்டு தண்ணீர் கடலுக்குப் பாய்ந்தது. அந்த வாயடியில் அவரைக் கண்டதாகவும், வெள்ளம் அவரைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போனதாகவும் ஊர்ச்சனம் சொன்னது. பச்சைப் பொய்! வெள்ளம் வடிந்தபோது அவருடைய வள்ளம் களப்பின் உள்ளே, கண்டல் மரங்களுக்கு நடுவே செருகிக் கிடந்தது. வள்ளத்தை உள்ளே விட்டுவிட்டு மனிதர் மட்டும் வெளியே போவாரா? உள்ளேதான் கிடக்கிறார், என் வாசலிலிருந்து கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடக்கிறார் என்று நான் சொன்னேன். மறுத்துச் சொன்னவர்களோடு கதைப்பதை விட்டேன். சொந்தத் தம்பியோடுகூட ஒரு மழைகாலம் முழுக்க நான் கதைக்கவில்லை.

சேமக்காலையில் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரு குழியும் ஒரு சிலுவையும் இருக்கின்றன. கார்த்திகையில் ஆத்துமாக்கள் திருநாள் வரும்போது ஆளாளுக்குத் தங்கள் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு முழங்காலில் இருப்பார்கள். பிரேதம் கிடைக்காத எனக்குப் போக இடமில்லை. நான் களப்புக் கரையில் கொளுத்துவேன். காற்று ஊதி அணைக்கும். மறுபடி கொளுத்துவேன். காற்றைத் திட்டிக்கொண்டே செபிக்கிற பெண் ஊரில் நான் ஒருத்திதான்.

அளக்க வந்தவர் பெயர் தில்லைநாதன். யாழ்ப்பாணத்துச் சைவப் பொடியன். கொழும்பில் படித்து அங்கேயே ஆராய்ச்சி வேலை பார்க்கிறவர். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி. காற்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினால் கொக்கு நிற்பது போல இருக்கும். என் விறாந்தையில் குழாய்களையும் போத்தல்களையும் புனல்களையும் அடுக்கி வைத்தார். வந்தவுடனேயே "அக்கா" என்று கூப்பிட்டதால் நானும் "தம்பி" என்று சொல்லத் தொடங்கினேன். அவர் வந்த முதல் வெள்ளிக்கிழமை, தபசுகாலம் என்று இறைச்சியை விட்டுவிட்டு நல்ல பாரைமீனாகப் பார்த்துக் குழம்பு வைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு மீனும் ஆகாது என்று யாருக்குத் தெரியும்? பாவம், வெறும் சோற்றைச் சம்பலோடு பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "நல்ல ருசி, அக்கா" என்றார்.

பங்குனி பிறக்கும் காலமாகியும் காலைப் பனி விடவில்லை. அவரும் கொன்ஸ்ரன்ரைனும் விடிய வள்ளத்தில் புறப்பட்டால், கொஞ்சத் தூரத்தில் வள்ளம் மங்கி, பிறகு வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே மிதக்கும். எது வானம், எது தண்ணீர் என்று தெரியாது. பூநாரைகள் கால்கள் இல்லாமல் நிற்கும். அந்த வெள்ளைக்குள்ளிருந்து தில்லைநாதனின் குரல் மட்டும், பக்கத்தில் நின்று பேசுவது போல, என் வாசலுக்கு வரும்.

"கொஞ்சம் இடப்பக்கம், கொன்ஸ்ரன்ரைன். ஓம், அதில நிப்பாட்டும்."

நீண்ட குழாயைச் சேற்றுக்குள் நேராக இறக்கி, மேல்வாயை அடைத்து, மெல்ல மெல்ல இழுத்து எடுப்பார்கள். குழாய்க்குள் சேறு குலையாமல் நிற்கும். அதோடு போத்தல்களில் களப்புத் தண்ணீரும் வரும். அந்தத் தண்ணீரை விறாந்தையில் வைத்து, புனலில் மடித்துப் போட்ட வெள்ளைக் கடதாசி வழியாக வடியவிடுவார். சொட்டு, பிறகு ஒரு சொட்டு. பார்த்துக்கொண்டிருந்தால் கண் சொருகும். கடைசியில் கடதாசியில் மெல்லிய மண்ணிறக் கறை ஒன்று மிஞ்சும்.

"இதுதானக்கா தண்ணிக்குள்ள மிதக்கிற தூசி. மேலயிருந்து விழுகிற குண்டுத்தூசி முதல்ல இதில ஒட்டும். பிறகு இதோட சேந்து ஆறுதலா அடியில படியும்."

"எங்களுக்கு ஏதும் செய்யுமோ?"

"பயப்பிடுகிற அளவில்லை எண்டுதான் நினைக்கிறன். அளந்து பாத்தாத்தான் சரியாச் சொல்லலாம்."

"இப்பவும் விழுந்துகொண்டிருக்கோ? நாங்கள் கதைக்கேக்க?"

"ஓம், அக்கா. இப்பவும் விழுகுது."

நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு முகில்கூட இல்லை. அன்று மத்தியானம் பாயில் சரிந்தபோது அந்தத் தூசியைக் கண்டேன். மா அரிக்கும்போது பறக்குமே, அப்படி, அவசரமே இல்லாமல் இறங்கியது. பனைகளில் விழுந்தது, கோயில் கூரையில் விழுந்தது, கவிழ்த்து வைத்த வள்ளங்களில் விழுந்தது. பிறகு தண்ணீருக்குள்ளும் அப்படியே இறங்கிக்கொண்டு போனது. அடியில் அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார், வீட்டில் படுக்கிற மாதிரியே, ஒரு கையைத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு. அவருடைய கண்மயிரில் தூசி படிந்திருந்தது. துடைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். கை நனையவே இல்லை. விழித்தபோது அழுதிருந்தேன் என்று தெரிந்தது. ஆனாலும் அவரைக் கண்ட சந்தோசம் பின்னேரம் வரைக்கும் எனக்குள் இருந்தது.

வேலை முடிகிற கட்டத்தில், அடுத்த வெள்ளிக்கிழமை, தில்லைநாதன் ஒரு குழாயிலிருந்த சேற்றை விறாந்தைப் பலகையில் தள்ளி வைத்தார். கன்னங்கரேலென்று, குளித்துவிட்டு வந்த மாதிரி மினுங்கியது. அதன் நடுவே மஞ்சளாக ஒரு வரி.

"அக்கா, ஓடி வந்து பாருங்கோ! இந்த மஞ்சள் வரி தெரியுதே? இது மேட்டுநிலத்து மண். இவ்வளவு மண்ணை ஒரேயடியாக் கொண்டுவந்து கொட்டினது ஐம்பத்தேழு வெள்ளம்தான். களப்பு முழுக்கக் கிடக்கு. இதை வச்சுத்தான் நான் வருசம் பிடிக்கப்போறன். இதுக்கு மேல கிடக்கிறது வெள்ளத்துக்குப் பிறகு படிஞ்சது, கீழ கிடக்கிறது அதுக்கு முந்தினது."

அவர் சந்தோசத்தில் இன்னும் ஏதேதோ சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த வரியைப் பார்த்தேன். வெள்ள வருசம். என் மனிதர் விழுந்த மண், அவர்மேல் மூடின மண், அவரே ஆகிப்போன மண். இத்தனை காலமும் நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது இப்போது என் விறாந்தையில் கிடந்தது. என்னை அறியாமல் உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன். குளிர்ந்திருந்தது.

"அக்கா! கையை எடுங்கோ! பழுதாப்போகும்!"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! "என்ர மனிசன்ரை மேல கை வைக்க உம்மட்டைக் கேக்கவேணுமோ?" என்று கத்தினேன்.

கொன்ஸ்ரன்ரைன் அவரை ஒருபக்கம் கூட்டிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னான். தில்லைநாதன் திரும்பி வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குத் தெரியாதக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அப்படிக் கேட்கிறவரோடு எப்படிக் கோபமாக இருப்பது? அன்றைக்கு ஞாபகமாகப் பூசணிக்காய்க் கறியும் பருப்பும் சமைத்திருந்தேன். பரிமாறும்போது சமாதானமாக ஒரு கதை கதைப்போம் என்று, "இதெல்லாத்தையும் கொழும்புக்குக் கொண்டுபோய் என்ன செய்வீங்கள், தம்பி?" என்று கேட்டேன்.

"துண்டு துண்டா வெட்டிக் காயவைப்பம். பிறகு சூளையில வச்சு எரிச்சுச் சாம்பலாக்குவம். அந்தச் சாம்பலைத்தான் கருவியில வச்சு அளக்கிறது."

என் கையில் அகப்பை அப்படியே நின்றது.

"எரிக்கிறதோ?"

"ஓம், அக்கா. எரிச்சாத்தான் அளக்கலாம்."

"ஐயோ மாதாவே! எங்கட ஆக்களை எரிக்கிறேல்லை!"

வேதக்காரருக்கு அது விலக்கு. எங்கள் உடம்பை மந்திரித்து ஆசீர்வதித்த மண்ணில் வைப்பார்கள். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது அந்த உடம்போடுதான் எழும்பவேண்டும். எரிக்கக் கொடுத்தவனுக்குத் திருச்சபையில் பூசையும் இல்லை, குழியும் இல்லை. இதை நான் அழுதுகொண்டே சொன்னேன். தில்லைநாதன் சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கட அப்பாவை எரிச்சுத்தான் கீரிமலைக் கடலில கரைச்சனாங்கள், அக்கா" என்றார் மெதுவாக.

"அது உங்கட வழி. அவருக்கு அதில நல்லாயிருக்கட்டும். என்ர மனிசனுக்கு அது வேண்டாம்."

பின்னேரம் கோயிலுக்குப் போனேன். எங்கள் பங்குக் குருவான சுவாமியிடம் கேட்டேன்: அந்தச் சேற்றில் ஒரு குழாயளவை நான் சேமக்காலையில் புதைக்கிறேன், நீங்கள் மந்திரித்துத் தாருங்கள் என்று.

"மகளே, சேறு மனிசனில்லை. சேத்துக்கு நான் மந்திரிக்கேலாது."

"விபூதிப் புதனுக்கு என்ர நெத்தியில சாம்பல் பூசி, நீ மண்தான் எண்டு சொன்னது ஆர், சுவாமி? நீங்கள்தானே?"

சுவாமி சேமக்காலைப் படலையைத் திறக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து, அங்கே அடுக்கியிருந்த குழாய்கள் எல்லாவற்றையும், பலகையில் கிடந்த சேற்றையும், என் அறைக்குள் கொண்டுபோய் வைத்துப் பூட்டினேன். திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மறுநாள் விடிய தில்லைநாதன் கொழும்புக்குப் புறப்படவேண்டும். ஜீப் வந்து வேலிக்கு வெளியே நின்றது. கொன்ஸ்ரன்ரைன் கெஞ்சினான், பிறகு ஏசினான்.

"விசர் வேலை பாராத, அக்கா. அரசாங்கத்துச் சாமான். பொலிஸ் வரும்."

"வரட்டும். பொலிசுக்கும் தேத்தண்ணி ஊத்திக் குடுத்து விடுறன். திறப்பு மட்டும் வராது."

தில்லைநாதன் படியில் இருந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சநேரம் கழித்து எழும்பி வந்தார்.

"சரியக்கா. அதுகள் உங்களிட்டையே இருக்கட்டும். நான் வேற சேறு எடுக்கிறன். ஒரு உதவி மட்டும் செய்யுங்கோ. வள்ளத்தில வந்து, அவர் இல்லாத இடமாப் பாத்துக் காட்டுங்கோ. அதில எடுக்கிறன்."

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? நியாயமான கதை. நான் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறினேன்.

பனிக்குள் வள்ளம் நுழைந்தது. தம்பி கம்பை ஊன்றித் தள்ளுகிற சத்தம் மட்டும். கரை மறைந்ததும் எங்கே போகிறோம் என்பதே தெரியவில்லை. நாங்கள் நிற்க, தண்ணீர்தான் மெல்ல நகர்வது போலிருந்தது. இறால்கள் துள்ளிய இடமெல்லாம் சின்னச் சின்ன வட்டங்கள்.

"இதில எடுக்கட்டோ, அக்கா?"

நான் எட்டிப் பார்த்தேன். கலியாணம் முடிந்த மாசம் வள்ளத்தை வேண்டுமென்றே கவிழ்த்து, என்னை இடுப்பளவு தண்ணீரில் நிற்க வைத்துவிட்டு, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த இடம் அது. "இதில வேண்டாம்" என்றேன். தில்லைநாதன் குழாயைக் கீழே வைத்தார்.

இன்னும் தள்ளிப் போனோம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிற சைவச் சனத்தை அவர் ஏற்றி இறக்குகிற வழி வந்தது. "வேதக்காரன் வள்ளத்தில போனாலும் அம்மன் கோவிக்கமாட்டா, ஏறுங்கோ" என்று பகிடி விடுவார். அங்கேயும் வேண்டாம் என்றேன். பிறகு, மீன் படாத நாட்களில் வள்ளத்திலேயே படுத்து நித்திரை கொள்ளுகிற கண்டல் நிழல். அவரை எழுப்பக் கரையிலிருந்து நான் கூவுவேன். கேட்டும் கேளாத மாதிரிக் கிடப்பார். அந்த நிழலைக் கடக்கும்போது நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். எங்கே பார்த்தாலும் அவர் இருந்தார். பனி முழுக்க அவருடைய நடமாட்டம் இருந்தது. எனக்கு அது நல்லாயிருந்தது. இப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும் என்று நினைத்தேன்.

வெயில் ஏறி, பனி கலைந்தது. தில்லைநாதனின் கழுத்து சிவந்துவிட்டது. எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒரு மனிதன் எல்லா இடத்திலும் கிடக்க முடியுமா? இல்லாத ஓர் இடத்தையாவது காட்டவேண்டாமா? அப்போதுதான் எனக்கு அந்த இடம் நினைவுக்கு வந்தது.

"வட்டுவாகல் வாயடிக்குப் போ. அங்க எடுக்கட்டும். அங்கதான் அவர் இல்லை."

கொன்ஸ்ரன்ரைன் கம்பு ஊன்றுவதை நிறுத்தினான்.

"அங்க வேண்டாமக்கா."

"ஏன் வேண்டாம்? அங்க அவரைக் கண்டதெண்டது ஊர்ச்சனத்தின்ரை பேய்க்கதை. நீ போடா."

அவன் போனான். வெள்ளத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. உடைத்துக்கொண்டு ஓடின வாயைக் கடல் மணல் போட்டு மூடியிருந்தது. மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் அலை இரைந்தது. தில்லைநாதன் குழாயை இறக்கினார். இறங்க மறுத்தது. மரச்சுத்தியலால் தட்டினார். இழுத்து எடுத்துப் பலகையில் தள்ளியபோது வெள்ளை மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதுவும் மணல். இன்னொன்றும் அப்படித்தான்.

"எங்க மஞ்சள் வரி?" என்று கேட்டேன்.

"இஞ்ச இல்லையக்கா."

"களப்பு முழுக்கக் கிடக்கெண்டு சொன்னீங்களே?"

"முழுக்கத்தான். ஆனா வெள்ளம் வேகமா ஓடின இடத்தில ஒண்டும் படியாது. அடியில கிடந்த பழைய சேத்தையும் கிளப்பிக்கொண்டு போயிருக்கு. பிறகு கடல் மணலைக் கொண்டுவந்து போட்டிருக்கு. அவ்வளவுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு விளங்கியது. முகம் மாறிவிட்டது.

"அப்ப கிளப்பிக்கொண்டு போனதெல்லாம் எங்க?"

அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் அதற்குக் காத்துக்கொண்டுகூட இருந்தேன்.

"கடலுக்கு, அக்கா."

"இதில நிண்ட ஒருத்தரும்..."

"மிஞ்சியிருக்கேலாதக்கா."

நான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கம்பைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தான்.

"நீ கண்டனியோடா?"

"கண்டனான், அக்கா. வள்ளம் கையை விட்டுட்டுது. அதைச் சுழி உள்ளுக்குத் தள்ளிச்சுது. அத்தான் கொஞ்சத்தூரம் நீந்திப் பாத்தவர். எத்தினை தரம் சொன்னனான், நீ கேட்டனியே?"

எனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மணலில் கொஞ்சம் அள்ளிப் பார்த்தேன். சுத்தமான மணல், கையில் ஒன்றும் ஒட்டவில்லை. திரும்பி வரும்போது களப்பு நெடுகப் பார்த்துக்கொண்டு வந்தேன். வெயிலில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது: தண்ணீர், கண்டல், பூநாரைகளின் கால்கள். வேறு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து அறையைத் திறந்தேன். குழாய்களை ஒவ்வொன்றாக நானே தூக்கிக்கொண்டு போய் ஜீப்பில் வைத்தேன். பலகையில் கிடந்ததையும் மஞ்சள் வரி குலையாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"கொண்டுபோய் எரியுங்கோ, தம்பி. அவர் இதுக்குள்ள இல்லை."

தில்லைநாதன் ஜீப்பில் ஏறாமல் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் கேட்டுவிட்டேன்.

"களப்பெண்டால் இந்தக் கரையில நிண்டு அந்தக் கரையைப் பாக்கலாம். கடல் பெரிசு. இனி நான் எந்தப் பக்கம் பாத்துச் செபிக்கிறது?"